லா ஹோயா: ரத்தினமா, பள்ளமா?

கேள்வி இதுதான். அமெரிக்க விஞ்ஞானிகள் சிலரைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், கலிஃபோர்னியாவின் கடலோரத்தில், சான் டியேகோ பக்கம் உள்ள ஓர் ஊரின் பெயரில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எல்-ஏ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஜே-ஓ-எல்-எல்-ஏ என்று எழுதுகிறார்கள். தமிழில் இதை ‘லா ஜொல்லா’, ‘லா ஜோலா’, ‘லா ஹோயா’ என்று மூன்று விதமாகப் பார்த்துவிட்டாராம். எது சரி, என்ன பொருள், ஸ்பானிஷ் பெயர்தானா, எப்படிக் கையாள்வது என்று கேட்கிறார்.

அவசரத்தில் இருப்பவர்கள் ‘லா ஹோயா’ என்று எழுதிவிட்டுப் போகலாம். பொருள் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் ‘ரத்தினம்’ என்பார்கள். நான் ‘பள்ளம்’ கட்சி. ஏன் என்று தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளும்.

நான் சான் டியேகோவுக்கு வந்த முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கையில் ஒரு காகிதம், அதில் போகவேண்டிய இடத்தின் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்து ‘லா ஜொல்லா’ என்று மனதில் பதித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மனதுக்குள் ஒரு சிரிப்பு வேறு, ஊருக்குப் பேர் வைத்திருக்கிறார்கள் பார், ‘ஜொள்ளு’ என்று. பஸ் வந்தது. ‘லா ஜொல்லா போகுமா?’ என்றேன். டிரைவர் புரியாமல் பார்த்துவிட்டு, ‘லஹொய்யா?’ என்று கேட்டார். இல்லை இல்லை, லா ஜொல்லா என்று உறுதியாகச் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டுக் கதவை மூடினார். பஸ் நகர்ந்தபோது பின்பக்கப் பலகையில் நான் தேடிய அதே எழுத்துகள் மின்னிக்கொண்டு போயின. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம். கேட்ட ஹோயா ஓர் ஊர், படித்த ஜொல்லா இன்னோர் ஊர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சரி, ஒலிக்கு வருவோம். ஸ்பானிஷில் ஜே என்ற எழுத்துக்கு நம் ‘ஜ’ ஒலி கிடையாது. தொண்டையில் லேசாக உரசிக்கொண்டு வரும் ‘ஹ’ அது. ஸ்பெயினில் அந்த உரசல் பலமாக இருக்கும், மெக்ஸிகோவில் மென்மையாக இருக்கும், அமெரிக்கர் வாயில் வெறும் ‘ஹ’ ஆகிவிடும். சான் ஹோஸே, டிஹுவானா, ஹாலபேனோ மிளகாய் எல்லாமே ஜே போட்டு எழுதப்படுபவைதான். அடுத்து இரட்டை எல். அதற்கு ‘ய’ ஒலி. டார்ட்டியா, கேசடியா என்று மெக்ஸிகன் ஹோட்டலில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுத்தில் அங்கே இரண்டு எல் இருப்பதால்தான் நம்மில் பலர் ‘டார்ட்டில்லா’ என்று ஆர்டர் செய்கிறோம். ஆக ஜே ‘ஹ’ ஆகி, இரட்டை எல் ‘ய’ ஆகி, ஜொல்லா ஹோயா ஆகிறது. அமெரிக்கப் பேச்சில் ‘லா’ குறுகி ‘ல’ ஆகும், அழுத்தம் முழுவதும் ‘ஹொய்’ மேல் விழும், கடைசி ஆகாரம் தேய்ந்துவிடும். டிரைவர் சொன்ன ‘லஹொய்யா’ அதுதான்.

இந்த இரட்டை எல் எப்போதுமே ‘ய’ ஆக இருந்ததில்லை. பழைய ஸ்பானிஷில் அது நாக்கு நடுப்பகுதி அண்ணத்தைத் தொட்டு எழும்பும் ஒருவகை ‘ல்ய’ ஒலி. ஸ்பெயினின் சில பகுதிகளிலும் ஆண்டீஸ் மலைப் பக்கத்திலும் இன்னும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. மற்ற இடங்களில் எல்லாம் ‘ய’ ஆகிவிட்டது. அர்ஜென்டினாவின் பூவெனோஸ் ஐரெஸ் பக்கம் இன்னும் ஒரு படி போய் ‘ஷ’ என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. ‘ழ’ தென்மாவட்டங்களில் ‘ள’ ஆகி ‘வாளைப்பளம்’ ஆகிறது, சென்னைப் பக்கம் ‘ய’ ஆகி ‘வாயப்பயம்’ ஆகிறது. எழுத்து மட்டும் பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இசட்-ஹெச் போட்டு எழுதிய ‘தேன்மொழி’யை வெளியூர்க்காரர் ‘தேன்மொஸி’ என்று படித்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அதே அவஸ்தைதான் ‘லா ஜொல்லா’வைக் கேட்கும் ஹோயாக்காரருக்கும்.

கலிஃபோர்னியாவில் எல்லா ஸ்பானிஷ் பெயரும் இப்படி ஒழுங்காகப் பிழைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பெத்ரோவை அங்கேயே இருப்பவர்கள் ‘சான் பீட்ரோ’ என்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே வயேஹோ என்று ஒலிக்கவேண்டிய ஊர் ‘வலேஹோ’ ஆகிவிட்டது. ஜே பிழைத்தது, இரட்டை எல் செத்தது. ஸ்பானிஷ் விதி தெரியும் என்ற தைரியத்தில் அங்கே போய் ‘வயேஹோ’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. லா ஹோயாவில் இரண்டுமே பிழைத்தன.

இனி பொருள். ‘லா’ என்பது பெண்பால் ஒருமைச் சொல்லின் முன்னே வரும் சொல், ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி. ஆண்பால் ஒருமைக்கு ‘எல்’ (சான் டியேகோவுக்குக் கிழக்கே எல் கஹோன் என்று ஓர் ஊர், ‘பெட்டி’ என்று பொருள்), ஆண்பால் பன்மைக்கு ‘லோஸ்’, பெண்பால் பன்மைக்கு ‘லாஸ்’. ஆங்கிலம் வழியாக வந்ததால் லாஸ் ஏஞ்சல்ஸ், லாஸ் வேகாஸ் இரண்டையும் நாம் ஒரே ‘லாஸ்’ போட்டு எழுதுகிறோம். உண்மையில் முன்னது லோஸ்.

மிச்சம் இருப்பது ‘ஹோயா’. ஸ்பானிஷ் அகராதியைத் திறந்து இரட்டை எல் போட்ட இந்த எழுத்துக்கூட்டில் தேடினால் இன்றைய வழக்கில் உள்ள சொல்லாக அது கிடைக்காது. கிடைப்பவை இரண்டு சொற்கள். ஒன்று, ஜே-யில் தொடங்கி ஒய் வைத்து எழுதுவது. உச்சரிப்பு ‘ஹோயா’, பொருள் நகை, ரத்தினம். இன்னொன்று, ஹெச்-சில் தொடங்கி ஒய் வைத்து எழுதுவது. பொருள் பள்ளம், குழி, மலைகளுக்கு நடுவே உள்ள தாழ்வு. இதன் இன்றைய உச்சரிப்பு ‘ஓயா’, ஏனென்றால் ஸ்பானிஷில் ஹெச் எழுத்துக்கு ஒலியே கிடையாது.

ஒலி அப்படியே பொருந்துவதால் ‘ரத்தினம்’ என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். சுற்றுலாக் கையேடு சொல்லும், கடைப் பலகைகள் சொல்லும், ‘ஜுவல் சிட்டி’ என்று பட்டப்பெயரே உண்டு. 1887ல் ஃபிராங்க் பாட்ஸ்ஃபோர்டு என்பவர் இங்கே ‘லா ஹோயா பார்க்’ என்று மனை போட்டு ஏலம் விட்டார். அதிலிருந்துதான் இந்தக் குடியிருப்பே வளர்ந்தது. மனை விற்கிற ஊரில் ‘பள்ளம்’ எடுபடுமா? நம்மூரில் ஏரியைத் தூர்த்துப் பிளாட் போட்டவர் ‘லேக் வியூ நகர்’ என்று பெயர் வைப்பதில்லையா, அதுபோல ரத்தினம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இடப்பெயர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை.

அப்படியானால் பள்ளம் என்ற சொல்லுக்கு ‘ஹ’ எங்கிருந்து வந்தது? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பானிஷின் ‘ஹோயா’ லத்தீனில் ‘ஃபோவெயா’, அதாவது குழி. கண் டாக்டர்கள் விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழியை ஃபோவியா என்கிறார்களே, அதே சொல். லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த ‘ஃப’ பல சொற்களில் ஸ்பானிஷுக்கு வரும்போது முதலில் ‘ஹ’ ஆனது, பிறகு அதுவும் உதிர்ந்தது. மாவுக்கு லத்தீனில் ‘ஃபரினா’, பழைய ஸ்பானிஷில் ‘ஹரினா’, இன்று ‘அரினா’. ஹெச் எழுத்து மட்டும் கல்லறைக் கல் மாதிரி நிற்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் அந்த ‘ஹ’ உதிர்ந்துவிடவில்லை. ஸ்பெயினின் தெற்கே அண்டலூசியாவிலும், அங்கிருந்து நிறையப் பேர் கடல் கடந்துபோன மெக்ஸிகோவிலும் நாட்டுப்புறப் பேச்சில் அது தங்கிவிட்டது. தங்கியதை எழுதும்போது ஹெச் போட்டால் ஒலிக்காது என்பதால் ஜே போட்டு எழுதினார்கள். ஃபிளமெங்கோ இசையில் ‘காந்தே ஹோந்தோ’ என்று ஒரு பாணி உண்டு, ‘ஆழ்ந்த பாட்டு’ என்று அர்த்தம். நூல் வழக்கில் அந்தச் சொல் ‘ஓந்தோ’, அண்டலூசிய வாயில்தான் ஹோந்தோ. பள்ளம் என்ற ‘ஓயா’ இதே வழியில் ‘ஹோயா’ என்று தங்கி, ஜே எழுத்தைப் பெற்றது. மெக்ஸிகோவில் மலைகளுக்கு இடையே உள்ள தாழ்நிலத்துக்கு இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. அங்கிருந்து வந்தவர்கள் பேச்சில் இரட்டை எல்லும் ஒய்யும் ஒரே ஒலி ஆகிவிட்டதால், எழுதுகிறவர் எதை வேண்டுமானாலும் போடுவார். காதில் விழுந்ததை எழுதியவர் இரட்டை எல் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க பெங்களூர் போதும். நம் ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகிறது. பால் ஹாலு, பூ ஹூவு, திருச்சிராப்பள்ளியில் இருக்கும் பள்ளி மாரத்தஹள்ளியில் ஹள்ளி. நம்முடைய ‘பள்ளம்’ கன்னடத்தில் என்ன தெரியுமா? ‘ஹள்ள’. ஃபோவெயா ஹோயா ஆன கதையும் பள்ளம் ஹள்ள ஆன கதையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடந்தவை, ஆனால் ஒரே மாதிரி நடந்தவை. பொருள்கூட ஒன்றாக அமைந்தது தற்செயல்.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணுக்குப் பெயர் இருந்திருக்கிறது. அங்கே வாழ்ந்த, இன்றும் சான் டியேகோ வட்டாரத்தில் வாழ்கிற குமேயாய் மக்கள் அந்த இடத்தை ‘மத் குலாஹூய்’ என்கிறார்கள். ‘மத்’ என்றால் நிலம். முழுப்பெயருக்குப் பொருள் குழிகள் உள்ள நிலம். இந்தக் ‘குலாஹூய்’ தான் ஸ்பானியர் காதில் ‘லா ஹோயா’ என்று விழுந்தது என்பது ஒரு கருத்து. வால்பகுதியைச் சொல்லிப் பாருங்கள், அப்படி விழுந்திருக்கவும் கூடும். அப்படியானால் இது ஸ்பானிஷ் உடுப்பு மாட்டிய குமேயாய் பெயர். நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இரண்டு வழியில் போனாலும் குழிக்குத்தான் வந்து சேர்கிறோம். இன்னொரு சான்றும் உண்டு. இதே எழுத்துக்கூட்டில் இதே பெயர் கொண்ட இன்னோர் இடம் அதே மாவட்டத்தில், கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, பாலமார் மலையடிவாரத்தில் இருக்கிறது. லுயிசேன்யோ பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம் அது. ஒரே வட்டாரத்தில் இரண்டு ‘ரத்தினம்’ என்பதைவிட இரண்டு ‘பள்ளம்’ என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது. நம்மூரில் பள்ளப்பட்டி எத்தனை!

கடற்கரைக்கே போனால் குழிக்குக் குறைவில்லை. லா ஹோயா கோவ் என்ற சிறு வளைகுடாவுக்குப் பக்கத்தில், வடக்கு பார்த்த மணற்கல் குன்றில் அலை குடைந்த குகைகள் ஏழு. ஒன்றுக்கு மட்டும் மேலிருந்து வழி உண்டு. கடலோரச் சாலையில் ஒரு சின்னக் கடை, அதற்குள் நுழைந்து டிக்கெட் வாங்கி 145 படி இறங்கவேண்டும். 1902 வாக்கில் ஒரு ஜெர்மன்காரர் ஆள் வைத்துத் தோண்டிய சுரங்கம். படிகள் எப்போதும் ஈரம், கூரை தாழ்வு, கைப்பிடி பிசுபிசுக்கும். பாதியில் அலையின் சத்தம் காலடியிலிருந்து வர ஆரம்பிக்கும். கீழே மரத்தளத்தில் நின்று வெளியே பார்த்தால், குகைவாய் ஒரு மனிதனின் பக்கவாட்டு முகம் போலக் கறுப்பாகவும் அதன் நடுவே கடல் பச்சையாகவும் தெரியும். பழைய தானிய உணவு விளம்பரத்தில் வந்த ‘சன்னி ஜிம்’ என்ற கார்ட்டூன் முகத்தின் பெயரைக் குகைக்கு வைத்திருக்கிறார்கள். என் மாமியாரை அங்கே கூட்டிப்போனபோது இறங்கும்வரை பேசாமல் வந்தவர், கீழே நின்று, ‘இதுக்கா நகைன்னு பேரு வெச்சான்?’ என்று கேட்டார். மேலே ஏறி வந்தால் கடற்சிங்கங்களும் நீர்க்காகங்களும் பாறையில் போட்டுவைத்த எச்சத்தின் நாற்றம் வேறு.

சரி, பயன்பாடு. நிறையப் பேர் செய்யும் தவறு, லா ஹோயாவைத் தனி நகரம் என்று எழுதுவது. அது சான் டியேகோ நகராட்சிக்குள் அடங்கிய ஒரு பகுதி. சென்னைக்கு மயிலாப்பூர் மாதிரி. ஆனால் தபால் முகவரியில் சான் டியேகோ என்று போடாமல் லா ஹோயா என்றே போடுவார்கள். அஞ்சல் குறியீடு 92037. அதனால்தான் ஆய்வுக்கட்டுரைகளின் முகவரியில் சான் டியேகோவே இல்லாமல் லா ஹோயா மட்டும் வருகிறது. பணக்காரப் பகுதி என்பதால் பெயருக்கு ஒரு மவுசு உண்டு. பக்கத்துப் பேட்டையில் குடியிருப்பவரும் ‘லா ஹோயா பக்கம்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். அந்த மவுசுக்கு இருட்டான பக்கமும் இருந்தது. யூதர்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் வீடு விற்கக்கூடாது என்ற ஏற்பாடுகள் இங்கே பல காலம் நடைமுறையில் இருந்தன. 1960ல் பல்கலைக்கழகம் வந்து, பேராசிரியர்களுக்கு வீடு தேவைப்பட்ட பிறகுதான் அது தளர்ந்தது.

அந்தப் பல்கலைக்கழகம்தான் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். உங்கள் கட்டுரையில் எப்படியும் வரும் என்று நினைக்கிறேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு உயிரியல் படிக்க வந்து சேர்ந்தது இங்கேதான். 2009ல் வேதியியல் நோபல் பெற்றார். மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் இங்கே பேராசிரியராகப் பணியாற்றியவர். 1903ல் தொடங்கிய ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனமும் இந்தப் பல்கலைக்கழகத்தின் பகுதி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃப்ளோரோகார்பன் வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்று 1975ல் காட்டியவர், பிற்பாடு ஸ்கிரிப்ஸில்தான் பணியாற்றினார். சாலையின் மறுபக்கம் சால்க் ஆய்வு நிறுவனம். போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க் நிறுவியது, கட்டடம் லூயி கான். அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்த அதே கான்.

இலக்கணத்தில் ஒரே எச்சரிக்கை. ‘லா’வைக் கழற்றாதீர்கள். ‘ஹோயாவில் இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை, லா ஹோயா என்பது ஒரே பெயர். அகரவரிசைப் பட்டியல் போட்டால் ‘ல’வில் வரவேண்டும், ‘ஹ’வில் அல்ல. வேற்றுமை உருபு தாராளமாகச் சேரும்: லா ஹோயாவில், லா ஹோயாவுக்கு, லா ஹோயாக்காரர். இன்னொன்று, பின்லாந்தில் நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் 2011ல் தொடங்கிய ஒரு கைபேசி நிறுவனத்தின் பெயரும் ஜே-ஓ-எல்-எல்-ஏ தான். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஃபின்னிஷ் மொழியில் ஜே ‘ய’ ஆகும், இரட்டை எல் அழுத்தமான ‘ல்ல’ ஆகும். ஆகவே அது ‘யொல்லா’, சின்னப் பாய்மரப் படகு என்று பொருள். எழுத்து ஒன்றுதான், மொழி மாறினால் எல்லாம் இடம் மாறிவிடும்.

கடைசியாக, கிரந்த எழுத்து வேண்டாம் என்ற கொள்கை உள்ளவர்கள் ‘ஹ’வுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். தாராளமாக ‘லா ஓயா’ என்று எழுதட்டும். இன்றைய நூல் வழக்கு ஸ்பானிஷில் ‘பள்ளம்’ என்ற சொல்லைச் சொன்னால் அப்படித்தான் ஒலிக்கும். என் கட்சிக்கு ஓர் ஓட்டு கூடியதாக நான் எடுத்துக்கொள்வேன். இலங்கை வாசகர்கள் மட்டும் மகா ஓயா, தெதுறு ஓயா மாதிரி இதுவும் ஓர் ஆறு என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. பஸ்ஸில் ஏறும்போது மட்டும், அவர்கள் உள்பட எல்லாரும், ‘லஹொய்யா’ என்றே சொல்லுங்கள்.